எச்செவேரியா இலையில் கறுப்புப் புள்ளி: சிங்கப்பூர்க் குடும்பக் குழுவில் பேசியது

*சனிக்கிழமை, ஜூன்*

*கவிதா (பொங்கோல்), காலை 8:05*
[படம்]
பெரியம்மா, இதக் கொஞ்சம் பாருங்களேன். ரோஜாப்பூ மாதிரி தடிச்ச இலை அடுக்கா இருக்குமே, அந்த எச்செவேரியாவுல கறுப்பு கறுப்பாப் புள்ளி. வியாழக்கிழமை ஒண்ணுதான் இருந்துச்சு. இன்னைக்கு நாலஞ்சு ஆயிடுச்சு.

*மாமா (தெம்பனிஸ்), 8:11*
மஞ்சள் தூள் தடவும்மா. இல்லாட்டி வேப்பெண்ணெய் அடி. தேக்காவுல வாங்குனது என்கிட்ட பாதி போத்தல் கிடக்கு.

*பெரியம்மா (தோ பாயோ), 8:14*
தம்பி, பொறு. என்ன புள்ளின்னு தெரியாம எதையும் தடவ வேணாம். கவிதா, புள்ளி ஒரே பக்கமா இருக்கா, சுத்திலும் இருக்கா? தொட்டா காஞ்சு இருக்கா, கொழகொழன்னு இருக்கா? கிட்டப் போய் ஒரு படம் எடு. பக்கத்துல பத்துக் காசு ஒண்ண வச்சு எடு.

*கவிதா, 8:20*
[படம்]
சுத்திலும் இருக்கு. அடி இலைங்கள்லதான் அதிகம். நடுவுல குழிஞ்சு கறுப்பா, ஓரத்துல மஞ்சளா வளையம். தொட்டா ஈரமா அமுங்குது. காசு எதுக்கு?

*பெரியம்மா, 8:23*
நாளைக்கும் அதே காச வச்சு எடுத்தா புள்ளி பெருசாகுதா, அப்படியே நிக்குதான்னு தெரியும். பரவுற புள்ளியா, பரவாத புள்ளியா, அதுதான் முதல்ல பாக்கணும். நாத்தம் ஏதும் வருதா?

*கவிதா, 8:24*
இல்ல பெரியம்மா.

*பெரியம்மா, 8:31*
நல்லது. நாத்தமடிச்சு இலை தண்ணியாக் கரைஞ்சா அது பாக்டீரியா அழுகல். செடியையும் மண்ணையும் சேத்துப் பையில கட்டிப் போட்டுட வேண்டியதுதான். உன்னோடது பூஞ்சை மாதிரிதான் தெரியுது. செடி எங்க இருக்கு? போன வாரம் விடியக்காலையில அடிச்ச மழையில நனைஞ்சுதா?

*கவிதா, 8:33*
கோரிடார்ல, ரேக்கோட கீழ்த் தட்டுல. சாரல் உள்ள வரைக்கும் வந்து ஷூவெல்லாம் நனைஞ்சு போச்சு. இலை நடுவுல தண்ணி நின்னுச்சு, தானாக் காஞ்சுரும்னு விட்டுட்டேன்.

*பெரியம்மா, 8:42*
நம்ம ஊர்ல அது சீக்கிரம் காயாதும்மா. அந்த மாதிரி மழையோட அடிக்கிற சுமத்ரா காத்து ஏப்ரல்லேருந்து நவம்பர் வரைக்கும் வரும், பெரும்பாலும் விடியறதுக்கு முன்னாடிதான் வரும். அந்த நேரத்துல காத்துல ஈரப்பதம் 90 சதவீதத்துக்கும் மேல. மழையில்லாத நாள்ல மத்தியானம்தான் 60 பக்கம் இறங்கும். பூஞ்சை வித்து முளைக்க இலை மேல சில மணி நேரம் ஈரம் நின்னாலே போதும். எச்செவேரியாவுல முக்காவாசி மெக்சிகோக்காரங்க, நிறைய வகை மலைப் பக்கத்துல வளர்றது. ராத்திரி குளிரும், காத்து அடிக்கும். நமக்கு ராத்திரியும் புழுக்கம்.

*சித்தி (ஈசூன்), 8:50*
அக்கா, நான் தினம் காலையில எல்லாச் செடிக்கும் ஸ்பிரே அடிக்கிறேனே?

*பெரியம்மா, 8:51*
சக்குலண்டுக்கு, அதான் இந்தத் தடிச்ச இலைச் செடிங்களுக்கு, வேணாம். இன்னையோட நிறுத்திடு. அதுங்க இலையிலயே தண்ணிய சேத்து வச்சிருக்கு, மேல தெளிச்சு ஆகப் போறது ஒண்ணுமில்ல.

*பெரியம்மா, 9:02*
கவிதா, இப்ப செய்ய வேண்டியது. முதல்ல அந்தத் தொட்டிய மத்த செடிங்ககிட்டேருந்து தள்ளி வை. புள்ளி விழுந்த இலையப் பிடிச்சு இடம் வலமா லேசா ஆட்டினா அடியோட வந்துரும். பாதி இலைய வெட்டி விடாத, மிச்சம் அழுகும். கத்தரி எடுத்தா ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிட் தொட்டுத் துடை. எடுத்த இலை குப்பைக்குத்தான், மண்ணுல போடக்கூடாது. இலை மேல வெள்ளையா பவுடர் மாதிரி இருக்கு பார், அதைக் கையால தேய்க்காத. அது செடியோட சொந்தப் பூச்சு. போனா அந்த இலையில திரும்ப வராது.

*மாமா, 9:05*
அப்போ வேப்பெண்ணெய்?

*பெரியம்மா, 9:09*
அது முக்கியமா பூச்சிக்குத்தான் தம்பி. எச்செவேரியாவுல அடிச்சா அந்த வெள்ளைப் பூச்சையும் கரைச்சிடும், மேல வெயில் பட்டா இலையே வெந்துரும். மஞ்சள் தூள வேணும்னா இலை எடுத்த இடத்துல ஒரு சிட்டிகை வைக்கலாம், கெடுதல் இல்ல. ஆனா காப்பாத்தப் போறது காத்தும் ஈரம் காயுறதும்தான். ரொம்பப் பரவினா செப்பு கலந்த பூஞ்சைக்கொல்லி நர்சரியில கிடைக்கும், லேபிள்ல போட்ட அளவுக்குத்தான் கலக்கணும். அது நல்ல இலையத்தான் காக்கும். விழுந்த புள்ளி எந்த மருந்துக்கும் மறையாது.

*அருண் (ஈசூன்), 9:30*
[படம்]
பெரியம்மா, என் கத்தாழையிலயும் புள்ளி! என் ரூம் ஜன்னல்ல இருக்கு. இதுவும் பூஞ்சையா?

*பெரியம்மா, 9:34*
தொட்டுப் பாரு.

*அருண், 9:35*
காஞ்சு காகிதம் மாதிரி இருக்கு. ஜன்னல் பக்கம் மட்டும்தான். அந்தப் பக்கம் பச்சையாத்தான் இருக்கு. ஆனா டிசம்பர்லேருந்து அதே இடத்துலதான் வச்சிருக்கேன், ஒண்ணும் ஆகலையே.

*பெரியம்மா, 9:41*
உன் ரூம் ஜன்னல் வடக்குப் பாத்தது. அதான் காரணம். நாம பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி சொச்சம் வடக்கே இருக்கோம். டிசம்பர்ல சூரியன் நமக்குத் தெற்கால போகும், ஜூன்ல உச்சி வெயிலே வடக்குப் பக்கமா சாஞ்சு வரும். மாசக்கணக்கா நிழல்ல இருந்த இலையில இப்ப நேர் வெயில் விழுது. இது வெயில் சூடு, ஒட்டாது, பரவாது. ஒரு மெல்லிய திரையப் போடு, இல்ல ஒரு அடி உள்ள தள்ளி வை. தழும்பு இருக்கும், செடிக்கு ஒண்ணும் ஆகாது. இலையப் பிய்க்காத.

*அருண், 9:43*
சரி பெரியம்மா, இப்பவே திரை மாட்டுறேன்.

*சித்தி, 9:48*
[படம்]
அக்கா, என் ஜேட் செடியில இலைக்கு அடியில சின்னச் சின்ன பழுப்பு மேடு, சொரசொரன்னு. மேல ஓரத்துல வெள்ளைப் பொட்டு வேற. மாவுப்பூச்சியா?

*பெரியம்மா, 9:50*
வெள்ளைய நகத்தால சுரண்டு.

*சித்தி, 9:52*
உதிருது. உப்பு மாதிரி இருக்கு.

*பெரியம்மா, 9:58*
உப்புதான். ஜேட் இலையில இருக்கிற நுண்துளை வழியாக் கசியுற தண்ணி காஞ்சா அப்படித் தங்கும். ஈரத்துணியால துடைச்சா போதும். மாவுப்பூச்சின்னா பஞ்சு மாதிரி, இலையும் தண்டும் சேர்ற இடுக்குல உட்கார்ந்திருக்கும். அப்படிக் கண்டா 70% ஸ்பிரிட்ட காது குடையுற பஞ்சுல தொட்டு வை. இந்தப் பழுப்பு மேடு தண்ணி அதிகமானதால வர்றது. இலை வெளிய விடுறதவிட வேர் அதிகமா உறிஞ்சும்போது உள்ள அறைங்க வெடிச்சு தக்கை மாதிரி ஆயிடும். எத்தனை நாளுக்கு ஒரு தடவை ஊத்துற?

*சித்தி, 9:59*
ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

*பெரியம்மா, 10:04*
கிழமை கணக்கு வேணாம். சாத்தே குத்துற மூங்கில் குச்சி ஒண்ண தொட்டி அடி வரைக்கும் சொருகி அஞ்சு நிமிஷம் விட்டு எடு. நுனியில ஈர மண்ணு ஒட்டியிருந்தா ஊத்தாத. சுத்தமாக் காஞ்சு வந்தா அடுத்த நாள் காலையில, இலை படாம மண்ணுல மட்டும், அடியில வழியுற வரைக்கும் ஊத்து. தட்டுல நிக்கிற தண்ணிய உடனே கொட்டிடு. வேருக்கும் ஆகாது, டெங்கிக் கொசுவுக்கும் அதுதான் இடம். அழகுக்காகப் பீங்கான் தொட்டிக்குள்ள வச்சிருந்தா அதையும் தூக்கிப் பாரு. ஓட்டை இல்லாத தொட்டியில அடியில எவ்வளவு நிக்குதுன்னு மேலேருந்து தெரியாது.

*மாமா, 10:10*
கவிதா, செடியத் தள்ளித் தள்ளி வைக்கிறேன்னு கோரிடார அடைச்சிடாத. 1.2 மீட்டர் வழி விடணும், குடிமைத் தற்காப்புப் படை விதி.

*பெரியம்மா, 10:11*
நல்ல வேளை ஞாபகப்படுத்துன. கீழ்த் தட்டவிட மேல் தட்டு நல்லது, காத்து போகும். இடம் பத்தலைன்னா செடியக் குறைச்சுக்கோ, இடைவெளியக் குறைக்காத.

*கவிதா, 11:25*
[படம்]
எட்டு இலை எடுத்தாச்சு. ஆனா தண்டு அடியில கறுத்திருந்துச்சு, வெட்டிப் பாத்தேன். நடுவுல பழுப்பா ஒரு வட்டம்.

*பெரியம்மா, 11:28*
உள்ள வரைக்கும் போயிருக்கு. கத்திய துடைச்சிட்டு அரை அங்குலம் மேல வெட்டு. வெட்டுன முகம் வெளிறின பச்சையா, ஒரு புள்ளி இல்லாம வர்ற வரைக்கும் வெட்டிட்டே போ. இரக்கம் பாக்காத.

*கவிதா, 11:40*
[படம்]
மூணாவது வெட்டுல சுத்தமா வந்துருச்சு! ரோஜாப்பூ அளவுதான் மிச்சம்.

*பெரியம்மா, 11:46*
அது போதும், பிழைச்சுக்கும். நிழல்ல, காத்து வர்ற இடத்துல கவுத்து வை. தண்ணி காட்டாத. வெட்டு நல்லாக் காஞ்சு தோல் கட்டட்டும், அதுக்குச் சில நாள் ஆகும். அப்புறம் பாதி மண்ணு, பாதி பெர்லைட் (தண்ணி வடியறதுக்குப் போடுற வெள்ளைக் கல்லு) கலந்து மேல உட்கார வை. வேர் எட்டிப் பாத்த பிறகுதான் முதல் தண்ணி. அடுத்த தடவை வாங்கும்போது ஹவோர்த்தியாவோ பாம்புச்செடியோ வாங்கும்மா. நம்ம புழுக்கத்துக்கு அதுங்க தாங்கும். எச்செவேரியா எங்க வீட்டுல மேசை விசிறிக்கு முன்னாலதான் இருக்கு.

*கவிதா, 11:49*
பழைய தொட்டியிலயே வைக்கலாமா?

*பெரியம்மா, 11:51*
வைக்கலாம். அந்த மண்ண மட்டும் கொட்டிடு, வேற செடிக்குப் போடாத. தொட்டிய சோப்புப் போட்டுக் கழுவி நல்லா வெயில்ல காய வை. மத்த ரெண்டு தொட்டியோட அடி இலையையும் இன்னைக்கே திருப்பிப் பாத்துட்டு எனக்குப் படம் அனுப்பு. காசோட.