25 பேர் மட்டும் எழுதும் அரசுப் பள்ளி: பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

குழு_உறுப்பினர்

வணக்கம். எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளி 6 முதல் 10 வரை. பத்தாம் வகுப்பில் ஆண்டுக்குச் சுமார் 25 பேர்தான் எழுதுகிறார்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஆண், பெண், பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்று பிரித்துத் தேர்ச்சி விழுக்காடு வேண்டும் என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். தலைமையாசிரியர் மூலம் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவு) விவரம் கிடைக்கும். எதை எடுக்கலாம், எதை நம்பக்கூடாது? விவரம் தெரிந்த ஆசிரியர்கள் சொல்லுங்கள்.

கணக்கு_வாத்தியார்

முதலில் விழுக்காட்டை விடுங்கள் சார், தலையை எண்ணுங்கள். 25 பேரில் ஒரு பிள்ளை தவறினால் 4 புள்ளி இறங்கிவிடும். 92இலிருந்து 84க்கு விழுந்தது என்றால் கூடுதலாகத் தவறியவர்கள் இரண்டே பேர்.

ஒவ்வொரு பிள்ளையும் தேர்ச்சி பெற 90 விழுக்காடு வாய்ப்பு உள்ள பள்ளி என்று வையுங்கள். பாடம் நடத்துவதில் எதுவுமே மாறாமல், சுமார் 14 ஆண்டில் ஓராண்டு நூற்றுக்கு நூறு வரும். சுமார் 10 ஆண்டில் ஓராண்டு 5 பேரோ அதற்கு மேலோ தவறுவார்கள். முதல் ஆண்டு பாராட்டு விழாவும் அடுத்த ஆண்டு விளக்கம் கேட்டுக் கடிதமும் வருவது இதனால்தான்.

மாநில அளவில் 2024இல் மாணவிகள் 94.53, மாணவர்கள் 88.58, 2025இல் 95.88, 91.74. பல லட்சம் பேர் எழுதும் தேர்வில் அந்த இடைவெளிக்குப் பொருள் உண்டு. 12 பையன்கள், 13 பெண்கள் உள்ள வகுப்பில் ஓராண்டை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. மூன்று, நான்கு ஆண்டு எண்ணிக்கையைக் கூட்டி, அதற்குப் பிறகு பிரியுங்கள். 2020, 2021 இரண்டையும் சேர்க்க வேண்டாம், அப்போது தேர்வே நடக்கவில்லை. 2022இல் பாடப்பகுதி குறைக்கப்பட்டிருந்தது. சேர்த்தால் பக்கத்தில் குறிப்பு எழுதிவிடுங்கள்.

வட்டார_பயிற்றுநர்

வாத்தியார் சொன்னது சரி. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: எத்தனை பேருக்கு எத்தனை பேர்?

உதாரணமாக, ஒன்பதாம் வகுப்பில் ஆகஸ்ட் மாதம் 30 பேர் இருந்தார்கள், பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதியவர்கள் 25, தேர்ச்சி 23. பலகையில் 92 என்று எழுதுவோம். 30க்குக் கணக்கிட்டால் 77கூட வராது. நடுவில் போன அந்த 5 பேர் யார் என்பதுதான் குழு கேட்க வேண்டிய கேள்வி. மாற்றுச் சான்றிதழ் வாங்கி வேறு பள்ளியில் சேர்ந்தவர்களைக் கழித்துவிடலாம். ஆனால் சான்றிதழ் கொடுத்ததும் எமிஸில் பிள்ளையின் பதிவு பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். வேறு பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொண்டதா என்று பாருங்கள். ஒரு மாதமாகியும் எடுக்கவில்லையென்றால் அந்தப் பிள்ளை செங்கல் சூளையிலோ வேறு வேலையிலோ இருக்க வாய்ப்பு அதிகம். உடனே வீட்டுக்கு ஆள் போக வேண்டும்.

இன்னொன்று, பிள்ளை எந்த வகுப்பில் உங்கள் பள்ளிக்கு வந்தது என்பது. 6ஆம் வகுப்பிலிருந்தே படிப்பவர்கள் ஒரு பிரிவு, நடுநிலைப் பள்ளி முடித்து 9இல் சேர்ந்தவர்கள் இன்னொரு பிரிவு. இதைப் பிரிக்காவிட்டால் கணக்கு ஏமாற்றும். போன ஆண்டு 6இலிருந்து வந்தவர்கள் 20 பேரில் 19 தேர்ச்சி, 9இல் வந்தவர்கள் 5 பேரில் 4 தேர்ச்சி என்று வையுங்கள், மொத்தம் 92. இந்த ஆண்டு முதல் பிரிவில் 10க்கு 10, இரண்டாம் பிரிவில் 15க்கு 12, மொத்தம் 88. முதல் பிரிவு உயர்ந்திருக்கிறது, இரண்டாவது அப்படியே 80இல் நிற்கிறது, பள்ளியின் மொத்தம் மட்டும் இறங்கிவிட்டது! மொத்தம் இறங்கியதற்குக் காரணம் வந்து சேர்ந்த பிள்ளைகளின் கலவை மாறியது மட்டுமே. அங்கே ஆசிரியரைக் குறை சொல்வது அநியாயம். ஜூன் மாதமே 9ஆம் வகுப்பில் வாசிப்புச் சோதனையும் அடிப்படைக் கணக்குச் சோதனையும் வைப்பதுதான் மருந்து.

அறிவியல்_டீச்சர்

தேர்ச்சி, தோல்வி என்ற இரண்டு கட்டத்தை மட்டும் பார்த்தால் 36 வாங்கியவரும் 96 வாங்கியவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். பாடவாரியாக 35க்குக் கீழ் எத்தனை பேர், 35 முதல் 45 வரை எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அடுத்த தேர்வில் ஆபத்து அந்த இரண்டாவது கூட்டத்துக்குத்தான்.

அறிவியலில் கூட்டுத்தொகையை நம்ப வேண்டாம். எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20, செய்முறையில் 15 தனித்தனியாக வேண்டும். செய்முறையில் 25 வாங்கி எழுத்தில் 18 வாங்கிய பிள்ளைக்கு மொத்தம் 43 வந்தாலும் தேர்ச்சி இல்லை. அரையாண்டு மதிப்பெண்ணில் செய்முறையைச் சேர்க்காமல் எழுத்தை மட்டும் பதிந்தால் இது முன்கூட்டியே தெரியும்.

ஒரே தாளில் பிள்ளைக்கு ஒரு வரி போதும்: சேர்ந்த வகுப்பு, பாலினம், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வராத நாட்கள், காலாண்டு, அரையாண்டு, திருப்புதல், பொதுத்தேர்வு. தாளின் தலையில், எந்தப் பாடத்துக்கு எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை ஆசிரியர் இல்லை என்று கட்டாயம் எழுதுங்கள். சிறிய பள்ளியில் ஒரு பாடத்துக்கு ஒரே பட்டதாரி ஆசிரியர்தான். அந்த இடம் காலியாகக் கிடந்த ஆண்டில் கணக்கில் 6 பேர் தவறினால், பிள்ளைகளின் குடும்பப் பின்னணியில் காரணம் தேடுவது தவறு.

குழு_உறுப்பினர்

நன்றி. சமூகப் பிரிவு வாரியாகப் போடவே கூடாதா? எஸ்.சி. பிள்ளைகள் பின்தங்கினால் அது வெளியே தெரிய வேண்டும் என்பதுதான் கேட்டவர்களின் கவலை.

வட்டார_பயிற்றுநர்

கவலை நியாயமானது, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பார்க்கும் விதம் இருக்கிறது. சாதிச் சான்றிதழ் வராத பிள்ளைக்கு வாய்மொழியாகச் சொன்னதை எமிஸில் ஏற்றியிருப்பார்கள். சேர்க்கைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். ஆதிதிராவிடர் குடும்பம் கிறித்தவத்துக்கு மாறியிருந்தால் பிள்ளை பி.சி. கட்டத்தில் இருக்கும். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு கட்டத்தில் வருவார்கள், ஆகையால் அந்தக் கட்டங்களை மட்டும் வைத்து வறுமையை அளக்க முடியாது. வருமானக் கட்டம் இன்னும் மோசம்: சேர்க்கையின்போது உதவித்தொகை வரம்புக்குள் எழுதியது, பிறகு யாரும் திருத்துவதில்லை.

ஒரு பிரிவில் 10 பேருக்குக் குறைவாக இருந்தால் விழுக்காடு போடாதீர்கள், பலகையிலோ வாட்ஸப் குழுவிலோ அந்தத் தாளே போகக்கூடாது. எஸ்.டி. ஒரே பிள்ளை என்றால், "எஸ்.டி. 0 விழுக்காடு" என்பது அந்தப் பிள்ளையின் பெயரை ஊர் நடுவில் படிப்பதற்குச் சமம். நான்காண்டுக் கூட்டுக் கணக்கைத் தலைமையாசிரியரும் பாட ஆசிரியர்களும் மூடிய அறையில் பார்க்கட்டும். குழுவுக்கு மூன்று எண் போதும்: ஒன்பதில் இருந்தவர்கள், எழுதியவர்கள், துணைத்தேர்வையும் சேர்த்துத் தேர்ச்சி பெற்றவர்கள். கூடவே, துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்காதவர்கள் வீட்டுக்கு யார், எந்தத் தேதியில் போகிறார்கள் என்பதையும் தீர்மானப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். முடிவு வந்த பிறகு விண்ணப்பத்துக்குக் கிடைப்பது சில நாட்கள்தான்.