அறிவியல் வகுப்பில் யாருடைய கதை? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ஆனைகட்டிப் பக்கம், அறிவியல் ஆசிரியை:

எங்க பள்ளிக்கு மலையிலிருந்து வரும் இருளர் பிள்ளைகள் கடைசி பெஞ்சை விட்டு எழுந்திரிக்க மாட்டார்கள். அவர்களைக் "காட்டான்" என்று கூப்பிடுகிற பிள்ளைகளும் உண்டு. கண்டித்தால் என் காதுக்கு எட்டாமல் கூப்பிடுவார்கள்.

தேனீ பாடம் வந்தபோது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாத்தாவை வரவழைத்தேன். போட்ட நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே கேட்டார்: "எந்தத் தேனைச் சொல்றதுங்க டீச்சர்?" பாறையிலும் பெரிய மரத்திலும் ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேன், புதர்க்கிளையில் சின்னதாகக் கட்டும் கொம்புத்தேன், பொந்துக்குள் அடுக்கடுக்காக இருக்கும் அடுக்குத்தேன், கொட்டவே கொட்டாத கொசுத்தேன் என்று ஒவ்வொன்றின் கூட்டையும் குணத்தையும் சொன்னார். பூ முடிந்தால் மலைத்தேனீ கிளம்பிவிடும், அடுத்த பருவத்துக்குப் பழைய மரத்தைத் தேடி வரும் என்றார். ஆய்வாளர்கள் எழுதியிருப்பதும் இதுதான்.

பாறையில் கயிறு கட்டி இறங்குவதைச் சொன்னபோது ஒரு பையன், "மேல கயித்தை யாரு தாத்தா புடிப்பாங்க?" என்றான். "மச்சான் கண்ணு. அக்கா தாலி அவன் கையிலதானே இருக்குது."

பிறகு அந்தப் பேத்தியே எழுந்து வந்து கரும்பலகையில் அடையை வரைந்தாள். மேலே தேன், கீழே புழு. தேன் பாகத்தை மட்டும் அறுத்தால் புழு பிழைக்கும், ஈயும் மறுபடி கட்டும் என்று விளக்கினாள். அவளைக் கேலி செய்தவர்களும் அதை நோட்டில் வரைந்துகொண்டார்கள்.

இதையே ஆண்டுவிழா மேடையில் வைத்திருந்தால் கைதட்டிவிட்டுக் கலைந்திருப்பார்கள். அறிவியல் பீரியடில் வைத்து, மாதத் தேர்விலும் கேள்வியாகக் கேட்டேன். மார்க் இருக்கிற இடத்தில்தான் மரியாதையும் இருக்கிறது.

பொள்ளாச்சி, வேளாண் பட்டதாரி:

டீச்சர் எழுதியதைப் படித்ததும் என் பள்ளிக்காலம் கண்முன் வந்தது. நான் அருந்ததியர் காலனிப் பையன். மைக்ராஸ்கோப் வெளியே வரும் நாளில் மற்றவர்கள் வரிசையாகக் கண்ணை வைத்துப் பார்ப்பார்கள். கண்ணாடித் தகடுகளைக் கழுவி வைப்பது எங்க வேலை. யாரும் வாய்விட்டு எதுவும் சொன்னதில்லை, பெயர் கூப்பிடுகிற வரிசையிலேயே தெரிந்துவிடும்.

கல்லூரியில் ஒரு பேராசிரியர் தாவரவியல் விஞ்ஞானி ஜானகி அம்மாளைப் பற்றிச் சொன்னார். 1897-ல் தலச்சேரியில் பிறந்தவர். கேரளத்தில் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்த தீயர் சமூகம். 1931-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். 1934-லிருந்து கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் இருந்தபோது கரும்பையே மக்காச்சோளத்தோடு கலந்து புதுச் செடி உண்டாக்கியவர். அப்பேர்ப்பட்டவரையும் சாதியும் பெண் என்ற எண்ணமும் சேர்ந்து ஒதுக்கின. அடுத்து இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அந்த நிறுவனத்து வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன், எனக்கு யாரும் சொன்னதில்லை. எட்டாவதிலேயே சொல்லியிருந்தால், தகடு கழுவும்போது ஒரு தடவையாவது "நானும் பார்க்கணுங்க சார்" என்று கேட்டிருப்பேன்.

ஈரோடு, வாசகர் வட்டத்திலிருந்து:

எங்க வட்டத்தில் பாதிப்பேர் மில் வேலைக்கும் மஞ்சள் மண்டிக்கும் போகிற பெண்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹென்ரியெட்டா லாக்ஸ் கதையைச் சொன்னோம். அமெரிக்காவில் புகையிலைத் தோட்டத்தில் வளர்ந்த கறுப்பினப் பெண். 1951-ல் கருப்பைவாய்ப் புற்றுநோயோடு பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார். அவரிடம் கேட்காமலே எடுத்த செல்கள் ஆய்வகத்தில் பெருகிக்கொண்டே இருந்தன. போலியோ தடுப்பூசியைச் சோதிக்க உதவியதும் அவைதான். அதற்காக அவற்றைப் பெருமளவில் வளர்த்துக் கொடுத்தது டஸ்கீகி என்ற கறுப்பினத்தவர் கல்வி நிறுவனம். குடும்பத்துக்குச் சேதி தெரிந்தது 1970-களில்.

ஒரு அம்மா கேட்டார்: "கேட்டிருந்தா அந்தப் புள்ள குடுத்திருக்குமில்லீங்க?" இப்போது கையெழுத்து வாங்கித்தான் எடுக்கணும் என்றோம். "எழுதப் படிக்கத் தெரியாதவங்ககிட்ட எப்படீங்க வாங்குவாங்க?" என்றார் அடுத்து.

அன்றைக்கு மீதி நேரம் முழுக்க அந்தக் கேள்விதான் ஓடியது. ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டச் சொல்லலாம், புரியும் மொழியில் விளக்கக் கேட்கலாம், ஆராய்ச்சிக்கு என்றால் முடியாது என்றும் சொல்லலாம் என்று ஒவ்வொன்றாகப் பேசினோம். அடுத்த கூட்டத்துக்கு ஒரு மருத்துவரை வரச்சொல்லியிருக்கிறோம். அவரிடம் கேட்கவேண்டியதை அந்தப் பெண்களே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.