கரடியின் தோளில் கை போட்ட நாயகன்

காட்சிக்கூட உதவியாளர், உதகை:

இருபத்தாறு ஆண்டுகளாக ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். படப்பிடிப்புக்குப் பேர்போன ஊர் என்பதால், மழை பிடித்துக்கொண்டால் நடிகர்கள் எங்களிடம் ஒதுங்குவார்கள். கலைப்பற்று என்று யாரும் தவறாக எண்ணிவிட வேண்டாம்.

ஒரு ஜூலை மாதம். மூன்று கார்கள் வந்து நின்றன. இறங்கியவர் ஒரு நாயகன். இன்னும் நடித்துக்கொண்டிருக்கிறார், பெயர் வேண்டாம். நேராகப் போய்ப் பாடம் செய்யப்பட்ட கரடியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, உதவியாளரிடம் "எடு" என்றார். எனக்குக் குலை நடுங்கிவிட்டது. அந்தக் காலத்தில் தோலைப் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் கலந்த சோப்பைப் பூசுவார்கள். அத்தனையும் நஞ்சு.

"சார், கையை எடுங்கள், விஷம்."

"கரடிக்கா?"

"கரடி செத்து எத்தனையோ காலம் ஆகிறது சார். அதன் மேல் பூசிய மருந்து."

பின்கட்டுக் குழாயடியில் ஐந்து நிமிடம் கை கழுவினார். ஜூலை மாதத்து உதகைத் தண்ணீர். எந்தச் சண்டைக் காட்சியிலும் அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

டிக்கெட் கவுண்டர், கொடைக்கானல்:

அண்ணா, உங்களுக்காவது நடிகர் வருகிறார். எங்கள் அருங்காட்சியகத்தில் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் குகையைத் தேடி வருகிறவர்கள். டெவில்ஸ் கிச்சன் என்று வெள்ளைக்காரர்கள் சொல்லிவந்த இடம் 1991-இல் வந்த படத்தால் குணா குகை ஆனது. 2024-இல் மலையாளப் படம் ஒன்று ஓடியதும் கூட்டம் இன்னும் ஏறிவிட்டது. "குகைக்கு டிக்கெட் இங்கேதானே?" என்று காலை முதல் மாலை வரை கேள்வி. பொறுக்க முடியாமல் 'குகை இங்கே இல்லை' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். இப்போது அந்த அட்டையோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே வந்து பார்ப்பதில்லை.

எங்கள் ஊரின் அசல் நட்சத்திரத்தை யாரும் கண்டுகொள்வதில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் இங்கே இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக, மேகம் வழிவிட்ட நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். முகத்திலுள்ள கரும்புள்ளிகளைக்கூட விடவில்லை. அந்தப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்ததும் இங்கேதான். மேக்கப் போடாமல் இத்தனை ஆண்டுகள் கேமரா முன்னால் நின்ற நட்சத்திரம் வேறு யார்?

துணிகள் பிரிவு, நீலகிரி:

தம்பி, உன் சூரியனை இங்கே கொஞ்சம் அனுப்பி வை. பூஞ்சையோடு மாரடித்து முடியவில்லை. அந்துருண்டை வாடையில் எனக்கே பூச்சி அண்டாது.

என்னிடம் வந்தவர் ஒரு நடிகை. முகக்கவசம், தலையில் சால்வை, கூட யாரும் இல்லை. தோடர் பழங்குடியினரின் பூத்துக்குளிச் சால்வைக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றார். வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்புமாகப் போட்ட வேலைப்பாடு. 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. "கோடு வரைந்துகொண்டு தைப்பார்களா?" என்று கேட்டார். கோடும் கிடையாது, அச்சும் கிடையாது. இழையை எண்ணி எண்ணித்தான் ஊசி போகும் என்றேன். கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து அவரும் எண்ண ஆரம்பித்துவிட்டார். நாற்பது வரை போய், தப்பி, முதலிலிருந்து. என் அனுபவத்தில் இழை எண்ணிய பார்வையாளர் அவர் ஒருவர்தான்.

அதற்குள் எங்கள் காவலாளி வந்து, "அம்மா, ஓரமாக நில்லுங்கள், பின்னால் வருகிறவர்களுக்கு மறைக்கிறது" என்று அதட்டினார். அந்த அம்மாளும் மறுபேச்சில்லாமல் நகர்ந்துகொண்டார். காவலாளியின் கைப்பேசியைத் திறந்தால் முகப்பில் இருப்பது அந்த நடிகையின் படம்தான். விஷயத்தை நான் சொன்னபோது கார் சேரிங் கிராஸ் தாண்டியிருக்கும். இரண்டு நாள் சாப்பிடவில்லை மனிதர்.

ஓய்வு பெற்றவன், குன்னூர்:

நம் மலையின் பெரிய நட்சத்திரங்களைப் பார்க்க வேண்டுமானால் மலையை விட்டு இறங்க வேண்டும். நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் போன்றவர்கள் பழங்கால ஈமக் கற்குவைகளைத் தோண்டிய காலம் ஒன்று உண்டு. மூடியின் மேல் எருமையும் மனிதரும் உட்கார்ந்திருக்கும் அந்த மண்கலங்கள் இன்று சென்னை எழும்பூரிலும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் இருக்கின்றன. எழும்பூரில் ஓர் எருமையைப் பார்த்து, ஊர்க்காரரைக் கண்டதுபோல் நின்றுவிட்டேன்.

டிக்கெட் கவுண்டர், கொடைக்கானல்:

ஆட்டோகிராப் வாங்கினீர்களா சார்?

ஓய்வு பெற்றவன், குன்னூர்:

பேனா கொண்டுபோகவில்லை.

காட்சிக்கூட உதவியாளர், உதகை:

ஆட்டோகிராப் என்றதும் நினைவு வருகிறது. நம் கரடி நாயகன் கிளம்பும்போது பார்வையாளர் பதிவேட்டில் 'அருமை' என்று ஒரு பக்கம் நிறைய எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை அந்தப் பக்கத்தைக் காணவில்லை. பிளேடு வைத்து ஓரமாக நறுக்கியிருந்தார்கள். எனக்குச் சந்தேகம் எங்கள் டிக்கெட் கவுண்டர் மேல்தான். கோபித்துக்கொள்ளாதே தம்பி, உங்கள் இனம்.

அடுத்த பக்கத்தில் பள்ளிப் பிள்ளை ஒன்று பென்சிலால் எழுதியது மட்டும் அப்படியே இருந்தது: 'கரடிக்கு ஒரு கண் சிறியது.' டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது கண், உண்மைதான். அத்தனை ஆண்டுகள் துடைத்த எனக்குத் தெரியவில்லை. புதுக் கண்ணாடிக் கண் வேண்டுமென்று மேலே எழுதிப் போட்டிருக்கிறேன். கோப்பு நகர்கிறது என்கிறார்கள். கண் வந்து சேரவில்லை.