வகுப்பில் உட்கார்ந்திருந்தோம், கேட்டோமா? (நால்வரின் பதிவுகள், புனைபெயரில்)

சிவப்பு மை
எம்.எஸ்ஸி. இரண்டாம் பருவம், நேரியல் இயற்கணிதம். பலகையில் நிரூபணம் ஓடுகிறது, நானும் விடாமல் எழுதுகிறேன். ‘ஏபி = ஏசி, ஆகவே பி = சி’ என்று எழுதியதும் பேராசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்தார். “யாருக்கும் உறுத்தவில்லையா?” என்றார். ஏ, பி, சி வெறும் எண்களல்ல, அணிகள், அதாவது எண்களை வரிசைகளில் அடுக்கிய கட்டங்கள்; ஏ-க்கு நேர்மாறு அணி இருக்கிறதா என்று பார்க்காமல் இருபுறமும் ஏ-வை நீக்கக் கூடாது, இளங்கலையிலேயே படித்ததுதான். அதற்குள் நான் அந்த வரிக்கு ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தேன். அன்று எழுதியது ஒன்பது பக்கம், காதில் விழுந்தது ஒரு வரிகூட இல்லை. கை தூக்கியவன் பேனாவையே தொடாமல் உட்கார்ந்திருந்த பக்கத்து இருக்கைக்காரன்.

அரைக்காது
எழுதாவிட்டால் கேட்டுவிடுவோமா? நான் எதையும் எழுதுவதில்லை. கருத்தரங்க வகுப்பில் தோழி தன் கட்டுரையை விளக்கிக்கொண்டிருந்தார். என்ன கேட்டு அசத்தலாம் என்று நான் மனத்துக்குள் வாக்கியம் கோத்துக்கொண்டிருந்தேன். கேட்டும்விட்டேன். “இவ்வளவு நேரம் அதைத்தானே சொன்னேன்” என்றார், கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

ஏழாம் ஆண்டு ஆய்வாளர்
சிவப்பு மை அவர்களே, எழுதியது தவறல்ல, அப்படியே எழுதியதுதான் தவறு. பேசுகிறவர் நிமிடத்துக்குச் சுமார் 130 சொல் பேசுவார். கை அதில் கால்பங்கை எட்டினாலே பெரிது. எனவே ‘ஆகவே’, ‘ஆனால்’, ‘இங்கேதான் சிக்கல்’ என்று குரல் திரும்பும் இடங்களை மட்டும் பிடியுங்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் வகுத்த முறை இருக்கிறது: தாளில் நெடுக்காக ஒரு கோடு, வலப்பக்கம் வகுப்பில் எழுதுவது, இடப்பக்கக் குறுகிய பட்டியில் பிறகு நாமே எழுப்பும் கேள்விகள், அடியில் இரண்டு வரிச் சுருக்கம். மடிக்கணினியில் தட்டுகிறவர்கள் சொல்லுக்குச் சொல் பதிவுசெய்து, கருத்தளவிலான கேள்விகளில் பின்தங்கினார்கள் என்று 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. பின்னர் செய்த சோதனைகளில் அதே முடிவு எப்போதும் கிடைக்கவில்லை, ஆகவே அதை வைத்து இங்கே சண்டை வேண்டாம். அரைக்காது அவர்களுக்கு: முன்னவர் சொன்னதை அவரே ‘ஆமாம்’ என்று ஒப்பும்படி திருப்பிச் சொன்ன பிறகுதான் நம் கருத்தைச் சொல்ல வேண்டும் என்பார் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். முன்தின வகுப்புக் குறிப்பை ஐந்து நிமிடம் புரட்டிவிட்டுப் போங்கள். முன்வரிசையில் உட்காருங்கள், எல்லாம் கேட்கும்.

என் அனுபவமா? ஒருமுறை வகுப்பில் தூங்கிவிட்டேன். அவ்வளவுதான்.

சிவப்பு மை
ஐயா, நான் ஆலோசனை கேட்கவில்லை. நான் எழுதியதில் ‘ஆகவே’வும் இருந்தது, பாருங்கள். அதைத்தான் அடிக்கோடிட்டேன்.

ஒரு நொடி
முன்வரிசையில் உட்கார்ந்தால் எல்லாம் கேட்குமாம். எனக்கு இடது காது மந்தம், உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரியும். பலகையைப் பார்த்தபடி பேசுகிறவரின் உதடு எந்த வரிசையில் இருந்தாலும் தெரியாது. ஒருநாள் வகுப்பு மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன், ஒரு நொடி பிந்தி. பேராசிரியர் அதைக் கவனித்துவிட்டார். எதுவும் கேட்கவில்லை. அடுத்த வகுப்பிலிருந்து எழுதி முடித்து, எங்கள் பக்கம் திரும்பி நின்று, பிறகுதான் வாய் திறந்தார். அன்று எதற்குச் சிரித்தார்கள் என்பது மட்டும் எனக்கு இன்னும் தெரியாது.