இந்த வருஷம் நட்சத்திரத்திலிருந்து ஆரம்பிக்கலாம்

(எங்கள் வீட்டு அரட்டைக் குழு; மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தை, இப்போதைய பெயர் பெஸ்தாரி ஜெயா)

நவம்பர் 22, சனி

நான்: ஸ்டோரில் இருந்த கிறிஸ்மஸ் விளக்குப் பெட்டிகள் மூன்றையும் இறக்கிப் பிரித்துவிட்டேன். நிலைமை சரியில்லை. மொத்தம் 14 சரம், எரிவது மூன்றுதான். எலி கடித்தது ஆறு. மீதி ஐந்தில் தண்ணீர் புகுந்திருக்கிறது.

அக்கா: ஐயோ! போர்ச் கூரை ஓரம் போடுகிற நீலச் சரமுமா?

நான்: அதுவும்தான். அதில் கம்பியை ஒட்டுப் போட்டிருந்த ஓர் இடத்தைப் பிரித்துப் பார்த்தேன். மேலே கறுப்பு டேப் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே பசை இளகி விரலில் ஒட்டுகிறது. செம்புக் கம்பி பச்சை பூத்து, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்கிறது. போன டிசம்பரில் மழை வந்தபோதெல்லாம் மெயின் சுவிட்ச் விழுந்ததே, இதனால்தான்.

அத்தான்: தம்பி, அந்த ஐந்தையும் பிளக்கில் மாட்டிப் பார்க்காதே. காய்ந்தபின் எரிந்தாலும் நம்பக் கூடாது. சுவிட்ச் விழுந்தது நல்லதாகப் போயிற்று. கசிந்த கரண்ட்டைக் கண்டுபிடித்து அறுத்தது அதுதான். இல்லாவிட்டால் ஈரக் கையோடு கேட்டைத் தொட்டவர் கதி என்ன?

அண்ணன்: காசு விஷயத்தை முதலில் பேசிவிடலாம். எனக்கு இந்த மாதம் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) இல்லை. 60 வெள்ளி (ரிங்கிட்) அனுப்புகிறேன். அதற்கு மேல் முடியாது.

அக்கா: நானும் 60. ஜனவரியில் பள்ளி திறக்கிறது, பிள்ளைகளுக்குச் சட்டை, காலணி எல்லாம் வாங்க வேண்டும்.

நான்: நானும் 60 போடுகிறேன். ஆக 180.

அம்மா: கடன் வாங்கி மட்டும் எதுவும் செய்யாதீர்கள். குடில் வைத்து ஒரு மெழுகுவத்தி ஏற்றினாலும் அது கிறிஸ்மஸ்தான்.

அக்கா: கடன் இல்லை அம்மா. ஆனால் வீடு இருட்டாக இருந்தால் கேரல் குழு நம் சந்துக்குள் திரும்பாமலே போய்விடும். போன வருஷம் சுவிட்ச் விழுந்து கிடந்த இரவில் அப்படித்தானே தாண்டிப் போனார்கள். அப்பா வாசலில் வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார்.

அப்பா: மூங்கில் நட்சத்திரம் இருக்கிறதா

நான்: இருக்கிறது அப்பா. ஆனால் வண்டு துளைத்துவிட்டது. ஒரு கழியை அழுத்தினேன், தூளாகக் கொட்டியது.

அப்பா: அதை முதலில் புதிதாகக் கட்டு. மற்றது பிறகு.

அப்பா: ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, ஜெனரேட்டர் கரண்ட். ராத்திரி பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். கிறிஸ்மஸ் ராத்திரி மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஓட விடுவார்கள். வீட்டில் ஒரே ஒரு பல்பு. அதைக் கழற்றி நட்சத்திரத்துக்குள் கட்டி, சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டி, மரத்தில் ஏற்றுவோம். வீட்டுக்குள் மண்ணெண்ணெய் விளக்கு. ரப்பர் மரங்களுக்கு அந்தப் பக்கம் இருக்கிற லயத்துக்கும் அது தெரியும். அதைப் பார்த்துத்தான் ஆட்கள் நடந்து வருவார்கள்.

அக்கா: அப்பா, இதை நீங்கள் எங்களிடம் சொன்னதே இல்லையே.

அம்மா: அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். இரண்டு தடவை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன்: சரி. முதல் செலவு நட்சத்திரத்துக்கு. மிச்சம் இருந்தால் மற்றது.

நவம்பர் 23, ஞாயிறு

அண்ணன்: எரிகிற மூன்று சரத்தைக் குடிலுக்குப் போடலாமே? காசு மிச்சம்.

நான்: அதைத்தான் நானும் நினைத்தேன். ஆனால் மூன்றும் பழைய அரிசி பல்பு (அரிசி மாதிரி குட்டி பல்பு). ஒன்றில் இரண்டு பல்பு போன இடத்தில் யாரோ சிகரெட் வெள்ளித்தாளைச் சுருட்டிச் செருகியிருக்கிறார்கள். அத்தான், அது பரவாயில்லையா?

அத்தான்: கூடவே கூடாது. அந்தச் சரத்தில் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் கோத்திருக்கும். 230 வோல்ட்டையும் எல்லாமாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இரண்டை வெள்ளித்தாளால் கடத்திவிட்டால் அந்தப் பங்கு மீதிப் பல்புகளின் தலையில் ஏறும். அவை கூடுதலாகச் சூடாகி, சீக்கிரம் போகும். போகப் போக இன்னும் வெள்ளித்தாள், இன்னும் சூடு. கீழே குடிலில் இருப்பதோ காய்ந்த புல். மூன்றையும் தூக்கிப் போடு.

அண்ணன்: வெள்ளித்தாள் வைத்தது நான்தான். பள்ளியில் படிக்கும்போது. இவ்வளவு ஆபத்து என்று தெரியாது.

அத்தான்: தெரியாமல் செய்ததுதானே மச்சான், விடுங்கள். வீட்டில் எதுவும் ஆகவில்லை, கடவுளுக்கு நன்றி.

நான்: ஒரு கணக்குப் போட்டேன். அரிசி பல்பு 100 உள்ள சரம் ஏறக்குறைய 40 வாட் இழுக்கும். பத்துச் சரம், தினம் ஆறு மணி நேரம், 30 நாள் என்றால் 72 யூனிட். புது எல்.இ.டி. சரம் ஒன்றுக்கு 6 வாட். இரண்டு சரம், தினம் ஐந்து மணி நேரம், 30 நாளுக்கு 1.8 யூனிட். இத்தனை வருஷம் அப்பா கரண்ட் பில்லுக்கு எவ்வளவு கட்டியிருப்பார்!

அம்மா: டிசம்பர் பில் வந்தால் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். எனக்குக் காட்டவே மாட்டார்.

அக்கா: பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) தீபாவளி மிச்சத்தை மலிவாகக் கொடுப்பார்கள், போய்ப் பார்.

நான்: பார்த்துவிட்டேன் அக்கா. 10 மீட்டர் சரம் 12 வெள்ளி. ஆசையாகத்தான் இருந்தது.

அத்தான்: பெட்டியில் ஐ.பி. எண் இருந்ததா? தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று அதுதான் சொல்லும். 20 என்றால் வீட்டுக்குள் மட்டும். 44 என்றால் எந்தப் பக்கச் சாரலையும் தாங்கும். 65 என்றால் குழாயில் பீய்ச்சினாலும் தாங்கும். எண்ணே இல்லை என்றால் வாசலுக்கு வேண்டாம்.

நான்: எண் இல்லை. பிளக்கும் இரண்டு முள்.

அத்தான்: மூன்று ஓட்டை சாக்கெட்டின் மேல் ஓட்டையைப் பேனா முனையால் திறந்து, இரண்டு முள் பிளக்கைக் குத்துகிற வேலை நம் வீட்டில் இனி வேண்டாம். அடாப்டரோடு வருகிற 44 சரமாக வாங்கு. கம்பியில் ஓடுவது குறைந்த வோல்ட், பிள்ளைகள் தொட்டாலும் பயம் இல்லை. அடாப்டரை மட்டும் மழை படாமல் போர்ச்சுக்குள் வை. எக்ஸ்டென்ஷனில் சிரிம் முத்திரை (மலேசியத் தர முத்திரை) இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. அதன் பிளக்கில் இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றி 3 ஆம்பியர் போடு. இந்த விளக்குகளுக்கு அது தாராளம், எங்காவது கோளாறு என்றால் சீக்கிரம் அறுந்துவிடும்.

நவம்பர் 26, புதன்

நான்: வாங்கியாயிற்று. மஞ்சள் வெளிச்சம் தருகிற 10 மீட்டர் சரம் இரண்டு 76. சிரிம் எக்ஸ்டென்ஷன் 32. டைமர் 18. கண்ணாடித் தாள் 6, கேபிள் டை 5, ஃபியூஸ் 2. மொத்தம் 139 வெள்ளி. கையில் 41 இருக்கிறது.

அம்மா: அந்த 41ஐத் தொடாதே. கேரல் குழுவுக்குக் காப்பி, கேக், முறுக்கு.

அக்கா: அப்போது குடிலுக்கு விளக்கு?

அம்மா: எதிர்வீட்டு அக்கா அவர்கள் தீபாவளிச் சரத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். எல்.இ.டி.தான், வீட்டுக்குள் போடுவது. பொங்கலுக்குத் திருப்பித் தந்தால் போதும் என்றார். நான் கேட்கவே இல்லை. தம்பி பெட்டியை இறக்கிவைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறார்.

சித்தி: நானும் சொல்ல நினைத்தேன். குடிலுக்கு நிறைய விளக்கே வேண்டாம். புனித பிரான்சிஸ் அசிசி 1223இல் கிரேச்சியோவில் குடில் வைத்தபோது தீவனத் தொட்டி, வைக்கோல், மாடு, கழுதை, அவ்வளவுதான். மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். லாலாங் புல் வெட்டிக் காயவைத்திருக்கிறேன், கூரைக்கு செம்பனை மட்டையும் தருகிறேன். குழந்தை இயேசுவுக்குப் பின்னால் பத்து விளக்கு தெரிந்தால் போதும்.

நவம்பர் 29, சனி

நான்: நட்சத்திரம் கட்டி முடிந்தது. எப்படி என்று அண்ணனுக்காக எழுதுகிறேன், அடுத்த வருஷம் நீங்கள்தான் கட்ட வேண்டும். ஆற்றோரம் வெட்டிய மூங்கில், நாலடிக் கழி ஐந்து. நான் டேப் எடுக்க எழுந்தேன், அப்பா உட்காரச் சொன்னார். கழியின் நுனியில் விரலை வைத்து, முழங்கையை மடக்கி ஒரு முழம் அளந்து, அங்கே கட்டு என்றார். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு முழம், அங்கே இன்னொரு கட்டு. ஐந்து கழிக்கும் அப்படியே. முனைகளைச் சேர்த்ததும் நட்சத்திரம் தானாக வந்து நின்றது, எங்கும் கோணல் இல்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 48 அங்குலக் கழிகள் ஒன்றை ஒன்று குறுக்கே கடக்கிற இடம் முனையிலிருந்து 18.3 அங்குலம். அப்பாவின் முழம் 18.

அண்ணன்: அப்பாவுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது?

அப்பா: என் அப்பா

நான்: ஐந்து கழியையும் சுற்றிவர ஆறு மீட்டர் சரம் போதும். மீதி நாலு மீட்டரைக் கம்பத்தோடு கீழே இறக்கிவிட்டேன், வால் மாதிரி. இரண்டாவது சரம் போர்ச் கூரைக்கு. அடாப்டருக்கு வருகிற வயரைக் கொஞ்சம் தொங்கலாக விட்டு மேலே ஏற்றியிருக்கிறேன், தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும்.

அத்தான்: அருமை. இ.எல்.சி.பி.யில் (கரண்ட் கசிந்தால் விழுகிற அந்தச் சுவிட்சில்) சோதனைக்கு இருக்கிற 'டி' பொத்தானை அழுத்திப் பார்த்தாயா?

நான்: அழுத்தினேன், உடனே விழுந்தது. அப்புறம் ஐந்து மணிக்கு நல்ல மழை, ஒரு மணி நேரம் கொட்டியது. ஏழு மணிக்கு டைமர் போட்டது. எல்லாம் எரிந்தது, சுவிட்ச் விழவில்லை. அம்மா குடை பிடித்து ரோடு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அம்மா: முன்பு எத்தனையோ நிறம் மின்னும், எதைப் பார்ப்பது என்று தெரியாது. இப்போது நட்சத்திரம் மட்டும் தனியாக நிற்கிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

டிசம்பர் 20, சனி

அக்கா: கேரல் குழுவினர் வந்தார்களா?

நான்: இப்போதுதான் போனார்கள். லாரி சந்து முனையில் நின்றது, யாரோ "அதோ நட்சத்திரம்" என்று கத்துவது இங்கே கேட்டது. 22 பேர். காப்பி தீர்ந்து மறுபடி போட்டோம். எதிர்வீட்டு அக்காவும் பிள்ளைகளோடு வந்து நின்றார். அப்பா கடைசிப் பாட்டுக்கு எழுந்து நின்று பாடினார்.

டிசம்பர் 23, செவ்வாய்

அண்ணன்: பஸ் தாமதம். இப்போதுதான் டி.பி.எஸ்.இல் (கோலாலம்பூர் பஸ் நிலையத்தில்) இறங்கினேன், நண்பன் காரில் வருகிறேன். வீட்டுக்கு வர பன்னிரண்டரை ஆகிவிடும். எல்லாரும் தூங்குங்கள்.

அப்பா: டைமர் எத்தனை மணிக்கு நிறுத்தும்

நான்: 12க்கு அப்பா.

அப்பா: பக்கத்தில் இருக்கிற பொத்தானைத் தள்ளிவிடு. அவன் வருகிற வரை எரியட்டும்

நான்: தள்ளிவிட்டேன்.

அண்ணன்: பெரிய ரோட்டில் திரும்பிவிட்டோம். செம்பனை மரங்களுக்கு மேலே தெரிகிறது.