புதுப்பிப்பு: மகளின் கைச்செலவுக் கணக்கு
மகளுக்குக் கொடுக்கும் கைச்செலவுப் பணம் பத்தே நாளில் கரைந்துவிடுகிறது, எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன். செலவைக் குறித்துவைக்க நீங்கள் சொன்ன செயலி மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. சரி என்று, பாதி எழுதிய பழைய நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தேன்: தேதி, வரவு, செலவு, இருப்பு. ராத்திரி பர்ஸைக் கொட்டி எண்ணி, இருப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். முதல் வாரம் தினமும் துண்டு விழுந்தது. விழுந்ததை ‘மறந்துபோனது’ என்றே ஒரு வரியாக எழுதச் சொன்னேன் (திட்டாமல் இருந்ததுதான் எனக்குக் கஷ்டம்). இப்போது அந்த வரி எப்போதாவதுதான் வருகிறது.

நேற்று ஒரு சந்தேகம்: “தோழிக்குக் கடன் கொடுத்தது செலவா அம்மா?” கையை விட்டுப் போனதால் செலவில் எழுது, கடைசிப் பக்கத்தில் பெயரோடு குறித்து வை, திரும்பினால் வரவு என்றேன். கடைசிப் பக்கத்தில் ஏற்கெனவே மூன்று பெயர்கள்!