மனைவிக்கும் சம்பளம் இருந்தால் ஜீவனாம்சம் எவ்வளவு நியாயம்?

கடம்பவனம்:
இந்து திருமணச் சட்டப்படி விவாகரத்து வழக்கு. கணவருக்குக் கைக்கு வருவது மாதம் 80,000. வீட்டுக்கடன் தவணை 25,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 18,000. ஆறு வயதுப் பிள்ளை அவரிடம். "சம்பாதிக்கிறவளுக்கு எதற்கு?" என்கிறது ஒரு தரப்பு. "சட்டப்படி கணவர் சம்பளத்தில் 25 சதவீதம்" என்கிறது மறுதரப்பு. எது சரி?

பொருநை:
இரண்டுமே இல்லை. 25 சதவீதம் எந்தச் சட்டப் பிரிவிலும் கிடையாது. 2017-ல் கல்யாண் டே சவுத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஒரு அளவாகச் சொன்னது, அவ்வளவுதான். வேலை இருப்பதாலேயே மனுவைத் தள்ளிவிடவும் முடியாது. புகுந்த வீட்டில் வாழ்ந்த அளவுக்கு 18,000-ல் வாழ முடியுமா என்பதுதான் கேள்வி. சென்னை வாடகைக்கே பாதி போய்விடும். கணவர் சம்பளத்தில் வருமான வரி, பி.எஃப். போன்ற கட்டாயப் பிடித்தங்களைக் கழிப்பார்கள். வீட்டுக்கடன் தவணையை அப்படியே கழிப்பது அபூர்வம். அந்த வீட்டில் மனைவியும் பிள்ளையும் குடியிருந்தால் கதை வேறு. மனு போட்டபிறகு கடன் வாங்கிச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டினால் பேங்க் ஸ்டேட்மென்ட் காட்டிக்கொடுத்துவிடும்.

வழக்குக்கட்டு:
பெரும்பாலும் கோட்டை விடுவது சொத்து-கடன் பிரமாணப் பத்திரத்தில். 2020 ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு இருவருமே தாக்கல் செய்தாக வேண்டும். எதிர்மனுதாரருக்கு அதிகபட்சம் நான்கு வாரம். மனைவி டியூஷன் வருமானத்தை மறைத்தாலும் சரி, கணவர் வாடகை வருமானத்தை மறைத்தாலும் சரி, குறுக்கு விசாரணையில் அது வெளியே வந்தால் மற்ற கணக்கையும் நீதிபதி நம்பமாட்டார். வாய்தா வாங்கி இழுத்தும் பயனில்லை: தொகை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும், நிலுவை ஏறிக்கொண்டே போகும்.

கடம்பவனம்:
சமரசமாக மொத்தத் தொகை கொடுத்து முடித்தால்?

பொருநை:
முடிக்கலாம். மூன்றைத் தனித்தனியாக எழுதுங்கள். மனைவிக்கான தொகை, பிள்ளைக்கான தொகை (ஃபீஸ், வேன், மருத்துவம்), திருப்பித் தரவேண்டிய நகை, சீர். நகை மனைவியின் ஸ்ரீதனம், அதாவது அவருக்கே சொந்தமான சொத்து. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு "ஜீவனாம்சம் கொடுத்தாயிற்று" என்பது அநியாயம். "இனி எதுவும் கேட்கமாட்டேன்" என்று தாய் கையெழுத்துப் போட்டாலும் பிள்ளையின் உரிமை அதோடு போய்விடாது.

வழக்குக்கட்டு:
மாதத் தொகை என்றால், மனைவி மறுமணம் செய்தாலோ யாருடைய வருமானமாவது பெரிதாக மாறினாலோ இந்து திருமணச் சட்டத்தின் 25-வது பிரிவில் ஆணையை மாற்றக் கேட்கலாம். அதுவரை தொகையை நீங்களாகக் குறைத்துக் கட்டாதீர்கள். குறைத்த ஒவ்வொரு ரூபாயும் நிலுவைதான்.